அடுத்தவள் தலையில் பால்குடம்

கலைமதியின் கால்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்க அவளுக்கே நேரம் இருந்ததில்லை. திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடி, காட்டன் சேலைப் பிரிவு. கடை திறந்ததிலிருந்து வேலை முடிந்து இறங்கும்வரை அந்தக் கால்கள் நின்றுகொண்டே இருக்கும். முட்டிக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சையாகச் சுருண்டு கிடக்கும். மகள் பிரகதி ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அந்த நரம்பின் மேலேயே கோடு இழுத்து, "அம்மா, இது காவேரி, இது நம்ம வெள்ளாறு" என்று மேப் போட்டாள். கலைமதி சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். மறுநாள் அந்த ஆறுகளோடுதான் வேலைக்குப் போனாள். கழுவ நேரமில்லை.

நிற்கிறவர்களுக்கு உட்கார ஏதாவது போட வேண்டும் என்று சட்டம் வந்தது உண்மை. கடையிலும் நல்ல மனுஷர்கள்தான், உடனே போட்டார்கள். பிரிவுக்கு ஒரு ஸ்டூல். அதன்மேல் தள்ளுபடி போர்டைத் தூக்கி வைத்தார்கள். பாவம், போர்டுக்குக் கால் வலிக்குமல்லவா.

அந்தக் கடை மொத்தத்திலும் உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று, பட்டுப் பிரிவு. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. வாங்க வருகிறவரும் உட்காருவார், விற்கிறவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலையை விரித்துக் காட்டுவாள். ஆடி பிறக்கும்போது மாடி மேனேஜர் ஆனந்தராஜ் கலைமதியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. இந்த ஆடி முழுக்க ஒரு நா லீவு போடாம, லேட்டாகாம, நேரத்துக்கு முன்னாடி எறங்காம இருந்துட்டேன்னா, ஆவணி ஒண்ணாந்தேதி ஒன்னைய பட்டுக்கு மாத்துறேன்."

மற்றவர்களுக்கு அது பதவி உயர்வு. கலைமதிக்கு அது வெறும் உட்காருவது. ஒரு மனுஷி இந்த உலகத்தில் ஆசைப்படுவதற்கு இதைவிடச் சின்னதாக ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் குறுக்கே வந்தார்கள். அந்தக் கதைதான் இது.

கீரனூரிலிருந்து உள்ளே மினி பஸ் போகிற ஊர் ஆவாரங்குளம். அங்கே கலைமதியின் வீடு மாடி வீடு. கணவன் சிவபிரகாஷ் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறான். வீட்டில் அவளையும் பிள்ளையையும் தவிர இரண்டு பேர். மாமியார் முத்துமாரியம்மாளுக்கு வயது அறுபதுகூட ஆகவில்லை. உடம்பு நன்றாகவே இருக்கிறது. சீரியல் நேரத்தில் கரண்ட் போனால் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நடந்து போய், லைன்மேனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிவிட்டு, மூச்சு வாங்காமல் திரும்பி வருவாள். அடுப்படி வாசலுக்கு வந்தால் மட்டும் முட்டி மடங்காது.

அடுத்தவன் கொழுந்தன் பிரசாந்த். இன்ஜினியரிங் முடித்துவிட்டு எஸ்.ஐ. பரீட்சைக்குத் தயாராகிறான். எத்தனை வருஷமாக என்று கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வான். ஓடிப் பழக வேண்டும் என்பதற்காகத் தினமும் இரண்டு முட்டை. அவன் ஓடிப் பார்த்தவர்களும் உண்டு. செல்போனில் சார்ஜ் இரண்டு சதவீதத்துக்கு வரும்போது, சார்ஜர் இருக்கிற அறைக்கு ஓடுவான். மற்ற நேரமெல்லாம் கட்டில். அண்ணி ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் பிள்ளையின் சீப்புமாகப் பறக்கும்போது, அவன் படுத்தபடியே, "டென்ஷன் ஆகாதீங்க அண்ணி" என்பான். நல்ல பையன். அதைத் தவிர வேறு ஒன்றும் செய்யமாட்டான்.

இந்த இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, மாமியாரின் தைராய்டு மாத்திரைக்கு வெந்நீர், கொழுந்தனுக்கு முட்டை, பிள்ளைக்குச் சடை, தெருக்குழாயில் தண்ணீர். எல்லாவற்றையும் கோழி கூவும் முன் தொடங்கி, மினி பஸ் ஹாரன் அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். ஹாரன் அடித்த பிறகு மாமியார் கேட்பாள்: "ஏன் கலை, தொவையல் அரைக்கலையா?"

ஆடி முதல் வாரத்தில் கடையில் ஒரு வகுப்பு வைத்தார்கள். 'வேலையும் குடும்பமும்' என்று பேனர். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து பட்டுப் பிரிவு மெத்தையில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று கேட்டார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் திணறிப்போகாமல் இருப்பது எப்படி என்பதை அவர் வாய் மணக்கச் சொன்னார்.

"காலையில பத்து நிமிஷம் உங்களுக்குன்னு ஒதுக்குங்க. ஜன்னல் ஓரமா உக்காந்து, ஒரு கப் டீய மெதுவா, ரசிச்சு குடிங்க."

பின்வரிசையில் ஷீபா. இவளும் கீரனூர்க்காரி, கலைமதியோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். "எந்த ஜன்னல்டி? புதுக்கோட்டை பஸ் ஜன்னலா? அங்க உக்காந்து நாம பாத்ததே இல்லையே" என்று கிசுகிசுத்தாள்.

"முக்கியமான விஷயம், முடியாதுன்னு சொல்லப் பழகுங்க" என்றார் கோட்டுக்காரர்.

ஷீபா கையைத் தூக்கிவிட்டாள். "சார், ஒரு சந்தேகம். அத யார்ட்ட மொதல்ல சொல்லிப் பழகணும்? மேனேஜர் சார்ட்டயா?"

சிரிப்பு எழுந்தது. ஆனந்தராஜ் மணியைப் பார்த்தார். கோட்டுக்காரர் அவசரமாக எல்லாரையும் கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னார். கலைமதி இழுத்தாள். இழுத்தவள் நின்றபடியே தூங்கிவிட்டாள். "இந்தச் சகோதரியப் பாருங்க, எவ்வளவு ஆழமான தியானம்!" என்று அவர் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் அவள் விழித்தாள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. வீட்டில் கல்யாண வீடுகளில் கொடுத்த மஞ்சப்பை ஏகப்பட்டது. ஒரு பையில் பிள்ளையின் சாப்பாடு, ஒரு பையில் அவளுடைய சாப்பாடும் கடை அடையாள அட்டையும். எல்லாப் பையிலும் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே மாதிரி வாழ்த்துப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் திருச்சியில் போய்ப் பையைத் திறந்தால் உள்ளே பிள்ளையின் டப்பாவும் சமூக அறிவியல் நோட்டும். அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பிரகதி பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். கடை வாசலில் செக்யூரிட்டி விடவில்லை. ஆனந்தராஜ் இறங்கி வரும்வரை கலைமதி வெயிலில் நின்றாள்.

"லேட்டுதான் இது. இந்த ஒரு தடவ விடுறேன்" என்றார் அவர். "அடுத்தது எது நடந்தாலும் பட்ட மறந்துரு. அந்த எடத்துக்கு ஆள் நெறைய நிக்குது."

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது பிரசாந்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிரகதி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு பையில் 'அம்மா' என்றும், ஒரு பையில் 'நான்' என்றும் எழுதி வைத்தாள். அந்த வீட்டில் யாராவது கலைமதிக்காகச் செய்த வேலை, அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு விடியற்காலை. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவளிடம், மாமியார் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தபடி, ஏதோ வெயில் மழை பேசுகிறவள் மாதிரிச் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில காப்புக்கட்டு. நம்ம சிவாவுக்கு காண்ட்ராக்ட் புதுப்பிச்சுக் குடுத்துட்டாங்கல்ல? ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. நான் அப்பவே கோயில்ல வேண்டியிருந்தேன்."

"என்ன வேண்டுனீங்க அத்தை?"

"பால்கொடம்."

"முட்டி வலியோட நீங்க எப்புடி எடுப்பீங்க?"

"நான் எங்க எடுக்குறேன்? என் மருமக எடுப்பான்னுல்ல வேண்டியிருக்கேன்."

கரண்டி அப்படியே நின்றது. காப்புக் கட்டினால் என்ன என்று கலைமதிக்குத் தெரியும். கையில் மஞ்சள் நூல் கட்டின நாளிலிருந்து பால்குடம் எடுக்கும் ஞாயிறுவரை எட்டு நாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஊர் எல்லைக்குள் திரும்பிவிட வேண்டும். கடையில் ஆடிக் கூட்டத்தில் அவளை இறங்க விடுவதே விளக்கு வைத்து எவ்வளவோ நேரம் கழித்துத்தான். பால்குடம் எடுக்கிற ஞாயிறு, ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறு. அன்றைக்கு லீவு என்று வாயைத் திறந்தவள் யாரும் மறுநாள் அந்தக் கடைப் படி ஏறியதில்லை.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே அத்தை."

"சாமி காரியத்துக்குக் கேப்பாகளா? நல்லா இருக்கு போ. இட்லிச்சட்டித் தண்ணி சுண்டுது பாரு."

முத்துமாரியம்மாளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவளுக்கும் ஒரு காலத்தில் மாமியார் இருந்தாள். அந்தக் கிழவி மருமகள் பேரில் தீச்சட்டி வேண்டினாள். தூக்கியது முத்துமாரி. வலது உள்ளங்கையில் இன்னமும் பளபளவென்று ஒரு தழும்பு இருக்கிறது. பூசாரியை மணி அடிக்கச் சொல்லி வேண்டி, அந்தத் தழும்புள்ள கையாலேயே அடுத்தவள் தலையில் குடத்தைத் தூக்கி வைத்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே கலைமதி ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா ஆசையா வேண்டியிருக்கு கலை. எனக்காகத்தான வேண்டுச்சு? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றான் சிவபிரகாஷ்.

"எத்தன தடவைங்க நானே அட்ஜஸ்ட் பண்றது?"

"நீ பண்ணாம? வேற யாரு இருக்கா வீட்ல?"

வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கட்டிலில் ஒரு ஆள், டிவி முன்னால் ஒரு ஆள். ஷார்ஜாவிலிருந்து பார்த்தால் தெரியவில்லை போலிருக்கிறது. அவ்வளவு உயரத்தில் கிரேனில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு.

பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்த ஷீபாவிடம் சொன்னாள். ஷீபாவுக்கு ஆச்சரியமே வரவில்லை.

"இதுக்கா இப்புடி இருக்க? எங்க மாமியா வேளாங்கண்ணிக்கு நடந்தே வாரேன்னு மாதாகிட்ட வேண்டிக்கிருச்சு. நடந்தது யாருங்குற?"

"நீயா?"

"பின்ன? அது பஸ்ல வந்து, கோயில் வாசல்ல சர்பத்து குடிச்சிக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. 'ஏம்மா ஷீபா இம்புட்டு லேட்டு'ன்னு கேட்டுச்சுடி!"

கலைமதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. ஷீபா அவள் தோளில் கிடந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கடையில் ஆனந்தராஜிடம் கேட்டுப் பார்த்தாள். சாயங்காலம் சீக்கிரம் விட முடியுமா, அந்த ஞாயிறு ஒருநாள் மட்டும் முடியுமா என்று.

"ஆடியில லீவா? கல்யாண வீட்டுக்கு வந்து தாலி மட்டும் வேணாங்குற மாதிரி இருக்கு நீ பேசுறது. தாராளமா போம்மா, சாமி காரியம். ஆனா பட்டுங்குற பேச்ச அத்தோட விட்ரு. திரும்பி வந்தா காட்டன்ல எடம் இருக்குமான்னுகூட எனக்குத் தெரியாது."

பிரித்துப் போட்ட சேலைகளை அன்றைக்கு அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். மடிக்க மடிக்க அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. உலை கொதிக்கிற மாதிரி. சாமிமேல் இல்லை. சாமி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் மனுஷர்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. ஈரத் தலையும் மஞ்சள் சேலையுமாகப் பெண்கள் வரிசை. அந்த வரிசையில் கலைமதி மட்டும் கடையின் மெரூன் கலர் யூனிபார்ம் சேலையில், தோளில் சாப்பாட்டுப் பையோடு நின்றாள். மினி பஸ் வர நேரமாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள்.

"மஞ்சச் சேலைய எடுத்து வச்சிருந்தேன்லடி, மானத்த வாங்காத" என்று மாமியார் பல்லைக் கடித்தாள். பக்கத்தில் பிரசாந்த், கையில் போனோடு, அண்ணி காப்புக் கட்டுவதை வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பத் தயாராக நின்றான்.

பூசாரி மலையாண்டி கூப்பிட்டார். "சிவபிரகாஷ் வீட்டு வேண்டுதலு. பால்கொடம். வாத்தா, கைய நீட்டு."

கலைமதி முன்னால் போனாள். கையை நீட்டவில்லை.

"பூசாரிய்யா, ஒண்ணு கேக்கணும்."

"வெரசாக் கேளு. நல்ல நேரம் போகுது."

"நான் எதையும் வேண்டல. எங்க அத்தைதான் என் பேரச் சொல்லி வேண்டியிருக்காங்க. அது என்னையக் கட்டுமா?"

மலையாண்டிக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் பதிலை விறைப்பாகச் சொன்னார். "கட்டாம? வீட்டு மனுசங்க ஒருத்தவுக ஆத்தா முன்னால நின்னு, மணி அடிக்கச் சொல்லி, இன்னார் செய்வாகன்னு வாய விட்டா, அந்த இன்னார் செஞ்சுதான் ஆகணும். சொன்னவுகள ஆத்தா பாக்க மாட்டா. பேர் சொல்லப்பட்டவுகளத்தான் பாத்துக்கிட்டே இருப்பா."

"யாரு வேணாலும் சொல்லலாமா?"

"வீட்டு மனுசங்களா இருக்கணும்."

"நான் வீட்டு மனுசியா, இல்லையா?"

"என்னத்தா கேள்வி இது? மூத்த மருமக. நீதான் வீடே."

"அப்ப மணிய அடிங்க."

மலையாண்டி யோசிக்காமல் அடித்துவிட்டார். பழக்கதோஷம். கையில் மணி இருந்தது, அடிக்கச் சொன்னார்கள், அடித்தார்.

கலைமதி கண்ணை மூடவில்லை. ஆத்தாளை நேராகப் பார்த்துக்கொண்டு, கடையில் வாடிக்கையாளர் காதில் விழப் பேசிப் பழகிய குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஆத்தா, மாரியாத்தா! எங்க வீட்டுப் பால்கொடத்த எங் கொழுந்தன் பிரசாந்த் எடுப்பாரு. அண்ணனுக்குக் காண்ட்ராக்ட் கெடைச்சதுக்கும், அவருக்கு எஸ்.ஐ. வேலை கெடைக்கப் போறதுக்கும் சேத்து எடுப்பாரு. காப்பு அவுக்குற வரைக்கும் தரையில படுத்து, செல்லத் தொடாம வெரதம் இருப்பாரு. அண்ணி தொவைக்கிற துணியெல்லாம் அவரே தொவைப்பாரு."

பிரசாந்த் பிடித்திருந்த போன் தன்பாட்டுக்கு அத்தனையையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

"எங்க அத்தை முத்துமாரியம்மா இந்த ஆடி முடியிற வரைக்கும் விடியுமுன்ன எந்திரிச்சு, ஒலை வச்சு, வீட்டுக்கே சோறாக்குவாங்க. ஒன் அருளால அவங்க முட்டிவலி இந்த நிமிஷத்தோட பறந்து போகணும். எங்க வீட்டுக்காரரு லீவுல ஊருக்கு வந்ததும் ஒனக்கு முடி காணிக்கை குடுப்பாரு. முழு மொட்டை."

சிவபிரகாஷின் முடி ஊரறிந்த முடி. சுருட்டை. அதற்கென்று ஷார்ஜாவிலிருந்து தனியாக எண்ணெய் வரும். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏன்டி! ஆத்தா முன்னால நின்னுக்கிட்டு என்னடி பேசுற?" என்று முத்துமாரியம்மாள் பதறினாள்.

"நீங்க பேசுனதத்தான் அத்தை. நான் பேர மட்டும் மாத்தியிருக்கேன்."

"பூசாரி, நீ சொல்லுய்யா. நான் மொதல்லயே வேண்டிட்டேன். மருமகதான் எடுக்கணும்!"

மலையாண்டி தாடியைச் சொறிந்தார். அப்போதுதான் மஞ்சள் வரிசையிலிருந்து அழகி குரல் கொடுத்தாள். இவளும் ஒரு வீட்டு மருமகள். இவள் தலையிலும் அந்த வருஷம் யாரோ வேண்டிய குடம்.

"ஏ பூசாரி! போன வருசம் நாகராசு மாமா கெடான்னு வேண்டிட்டு, அப்பறம் சேவல்னு மாத்திக்கிட்டாரே, அப்ப நீ என்ன சொன்ன? வீட்டுக்கு ஒரு வேண்டுதலு, கடைசியா சொன்னதுதான் செல்லும்னு சொல்லலையா? சேவல நீதானய்யா கொண்டு போன?"

சேவல் என்றதும் மலையாண்டிக்கு ஞாபகம் வந்துவிட்டது. மறுக்க முடியாத ஞாபகம். வயிற்றுக்குள் போன ஞாபகம். "சொன்னேன்" என்று முனகினார். "கடைசியா சொன்னதுதான் ஆத்தா கணக்கு."

"அண்ணி..." பிரசாந்தின் குரல் கீச்சென்று வந்தது. "டென்ஷன் ஆகாதீங்க அண்ணி, வீட்டுக்குப் போயி பேசிக்..."

"நான் டென்ஷனே ஆகல தம்பி. கைய நீட்டுங்க. போன உள்ள வச்சுட்டு நீட்டுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஆத்தாளைப் பார்த்தாள். முத்துமாரியம்மாள் மருமகளை ஏய்ப்பாள், மகனை ஏய்ப்பாள், லைன்மேனையே ஏய்ப்பாள். ஆத்தாளை ஏய்க்கமாட்டாள். அவள் பயம் நிஜமான பயம். சிவாவுக்கு மூன்று வயதில் அம்மை போட்டு உயிர் ஊசலாடியபோது, வேப்பிலையோடு இந்தக் கல் தரையிலேயே கிடந்தவள் அவள். மகனின் முழங்கையைப் பிடித்துத் தானே முன்னால் தள்ளினாள். மஞ்சள் நூல் பிரசாந்தின் கையில் ஏறியது.

அழகி வரிசையை விட்டு வெளியே வந்து, "பூசாரி, எனக்கும் ஒருக்கா அந்த மணிய அடி" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மலையாண்டி மணியை மடியில் செருகிக்கொண்டு கருவறைக்குள் போய்விட்டார். மினி பஸ் ஹாரன் கேட்டது. கலைமதி ஓடினாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது போல. அதை அனுப்பிய பிறகுதான் பிரசாந்த் விரதத்தையே தொடங்கியிருப்பான்.

"ஊரு சனத்துக்கு முன்னாடி என் முடியக் குடுக்க நீ யாருடி?"

"என் தலையில கொடத்த வைக்க நீங்கல்லாம் யாருங்க?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. கிரேன் மேலே இருந்து பேசுகிறான் என்று தெரிந்தது. அங்கேயும் வெயில்தான். அங்கேயும் தனியாகத்தான். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதனால் குரலைத் தணித்துக்கொண்டாள். வார்த்தையைத் தணிக்கவில்லை.

"முடி வளந்துரும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

எட்டு நாளும் அந்த வீட்டில் பாத்திரங்கள் பேசின. மாமியார் விடியுமுன் எழுந்து, ஒவ்வொரு மூடியையும் தரையில் போட்டு எடுத்து, தான் எழுந்துவிட்டதை ஊருக்கே அறிவித்தாள். குழம்பில் கோபமும் உப்பும் சரிசமமாக இருந்தன. பிரசாந்த் மஞ்சள் வேட்டியோடு தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து துவைத்தான். போன் இல்லாத கை என்ன செய்வது என்று தெரியாமல், சொல்லாத துணியையும் சேர்த்துத் துவைத்தான். ஒருநாள் கலைமதியின் யூனிபார்ம் சேலையை அலசிக் காயப்போட்டுவிட்டு, "அண்ணி, இந்தச் சேலை இம்புட்டு வெயிட்டா இருக்கு, இதக் கட்டிக்கிட்டா நாள் முழுக்க நிக்கிறீங்க?" என்று கேட்டான். அவள் அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் கழித்துக் கேட்கிறான். கேட்கட்டும்.

கடைசி ஞாயிறு கடையில் தலைகள்தான் தெரிந்தன. ஒரு சேலையை இரண்டு பேர் இழுக்க, கலைமதி நடுவில் நின்று இரண்டு பேரையும் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து பிரகதி அப்பத்தாவின் போனில் வீடியோ கால் போட்டாள். ஷீபா முன்னால் நின்று மறைத்துக்கொள்ள, கலைமதி சேலைக்கடியில் வைத்து எட்டிப் பார்த்தாள். தார் ரோடு, மேளம், வேப்பிலை. பிரசாந்த் தலையில் குடத்தோடு நடந்தான். சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தான். பிள்ளை ஒரு கையில் போனைப் பிடித்தபடியே ஓடி ஓடி அவன் காலில் தண்ணீர் ஊற்றியது. பின்னால் முத்துமாரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, டிரான்ஸ்பார்மருக்குப் போகிற வேகத்தில் நடந்து வந்தாள். கலைமதிக்குக் கண் கலங்கியது. பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்ற ஆத்திரமும் வந்தது. ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருக்க முடியாதபடி இந்தப் பெண் ஜென்மத்தை யார் படைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "போன உள்ள வை" என்று ஆனந்தராஜின் குரல் கேட்டது. வைத்தாள்.

ஆடி கடைசி நாள், கணக்கெல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னார்: "நாளையிலேர்ந்து பட்டு. லேட்டா வந்துராத."

ஆவணி முதல் தேதி. இருட்டு பிரியவில்லை. கலைமதி விழித்துக்கொண்டு அப்படியே படுத்துக் கிடந்தாள். வேண்டுதல் நேற்றோடு முடிந்தது. பக்கத்துப் பாயில் மாமியாரும் விழித்துத்தான் கிடந்தாள், மூச்சிலேயே தெரிந்தது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு, யார் முதலில் எழுவது என்று கிடந்தார்கள். குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. யாரும் அசையவில்லை. மினி பஸ்ஸை விட்டால் பட்டும் போச்சு என்று கலைமதிக்குத் தெரியும். தெரிந்தும் எழவில்லை. இன்றைக்கு எழுந்தால் இனி என்றைக்கும் அவள்தான் எழ வேண்டும்.

வெகுநேரம் கழித்து முத்துமாரியம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"ஒலைய நீ வைக்கிறியா, நான் வைக்கவா?"

அந்த வீட்டில் அது கேள்வியாக வந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க வைங்க அத்தை. நான் தண்ணி புடிச்சுட்டு வந்து காய் நறுக்கித் தாரேன். அந்தா, தம்பிய எழுப்பி விடுங்க, தேங்கா துருவட்டும்."

"அவன் எங்க எந்திரிப்பான்" என்று முணுமுணுத்தபடி மாமியார் எழுந்தாள். போகிற போக்கில் மகன் காலில் ஓங்கி ஒரு மிதி விழுந்தது. "அம்மோவ்!" என்று சத்தம் வந்தது.

அன்றைக்குக் கலைமதி பட்டுப் பிரிவு மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து பழக்கமில்லாத கால் அரைமணி நேரத்தில் மரத்துப்போனது. ஷீபா தூரத்திலிருந்து, எந்திரிச்சு உதறு என்று சைகை காட்டினாள். கலைமதி முடியாது என்று தலையை ஆட்டினாள்.